குதிகால்

எடைத்தட்டில் ஏறும் முன்
நகத்தைக்கூட வெட்டிவிட்டு ஏறுவேன்.
ஐம்பத்தைந்து கிலோ.
பதினோரு வருஷம் அந்த எண்ணுக்குள் குடியிருந்தேன்.
வாடகை தண்ணீர்.
பாட்டிலில் எச்சில் துப்பித் துப்பி
நூறு கிராம், இருநூறு கிராம்.
வீட்டில் சாளைக்கறியும் மரச்சீனியும் மணக்க
கம்பளி சுற்றிக்கொண்டு குளச்சல் மணலில் ஓடுவேன்.
"ஊருக்கெல்லாம் தபசுகாலம் நாப்பது நாளு,
ஒனக்கு மட்டும் வருசம் முழுக்கவாடே?"
என்பாள் அம்மா.

நான் கரமடி இழுக்கிறவன் மகன்.
கயிறு இடுப்பில், குதிகால் மணலில்,
பின்னால் பின்னால் நடந்தால்தான் மீன்.
பின்னால் போகக் கூடாதென்று
லக்னோ முகாமில்தான் சொன்னார்கள்.
சொன்னது இந்தியில்,
பிடித்தது கழுத்தை.
புரிந்தது.

ராஞ்சியில் தேசிய இறுதி.
எதிரே சோனிபட் ராஜ்பீர், மூச்சில் மோர் வாசம்.
மூன்றாம் சுற்று, சைபருக்கு சைபர்,
நாலு நொடி மிச்சம்.
ஓரத்தில் தலையோடு தலை முட்டி நின்றோம்.
அவன் கால் வெளியே போனது.
நடுவர் ஒரு விரலை உயர்த்தினார்.

தங்கம். ரயில்வேயில் வேலை.
பங்குச்சாமி கோயில் மணியை அடிக்கச் சொன்னார்.
பிளக்ஸில் என் நசுங்கிய காது
நல்ல காதாக இருந்தது.
ஸ்டுடியோ பையன் சரிசெய்திருந்தான்.

முட்டி போனபிறகு விசில் வந்தது.
இப்போது எண்பத்து நாலு கிலோ,
யாரும் என்னை நிறுப்பதில்லை.
பழைய வலைக் கிடங்கில் மேட் விரித்திருக்கிறேன்.
விடிந்ததும் உப்பைத் துடைத்தால்தான் பிடி வழுக்காது.
காலைப் பார், காலைப் பிடி, காலை விடாதே,
நாள் முழுக்க இதுதான் என் பேச்சு.
குதிகால் பற்றி மட்டும்
அதிகம் சொல்வதில்லை.

சனிக்கிழமை நாகர்கோவிலில் மாநிலப் போட்டி.
ஷைனிஜா, ஐம்பத்து மூன்று கிலோ,
நாலுக்கு நாலு, கடைசி நொடிகள்.
ஓரத்துக்குத் தள்ளி அந்தப் பெண்ணை வெளியேற்றினாள்.
விரல் உயர்ந்தது. நம்ம பிள்ளைகள் கூவின.
எதிர்மூலையில் சேலத்துக் கோச், மீசை முளைக்காத பயல்,
அப்பீல் கேட்டுப் பஞ்சுக்கட்டையை மேட்டில் எறிந்தான்.

பஞ்சு விழுந்தால் சத்தம் வராது.
எனக்குக் கேட்டது.

திரையில் ஓட்டினார்கள்.
மெதுவாக. இன்னும் மெதுவாக.
ஷைனிஜாவின் குதிகால்தான் முதலில்
கோட்டுக்கு வெளியே,
ஒரு விரற்கடை.

அந்த விரற்கடை எனக்குப் பழக்கம்.
ராஞ்சியில் மேட்டுகளை ஒட்டிய டேப்
என் இடது ஷூவுக்கு அடியில் நெருடியது.
ராஜ்பீரின் கால் வெளியே போனது உண்மை.
அதற்கு முன்பே நான் வெளியே நின்றதும் உண்மை.
அங்கிருந்த ஒரே காமிரா
மேடையில் மந்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அவன் நடுவரிடம் கத்தவில்லை.
குனிந்து என் காலைப் பார்த்தான்,
அப்புறம் கை கொடுத்தான்.

தோற்றுப்போய்த் திரும்புகிற பஸ்ஸில் ஷைனிஜா ஜன்னலோரம்.
திங்கள்சந்தை தாண்டும்வரை வாய் திறக்கவில்லை.
"சார், காலு வெளிய போனது எனக்கு அப்பமே தெரியும்."
"ம்."
"தெரிஞ்சும் கைய தூக்கிட்டு நின்னேன்."
"ம்."
"நீங்க ஏன் சார் ஏசல்ல?"

நல்லவேளை, கண்டக்டர் சில்லறை கேட்டார்.
மேல்பையில் இருந்ததை
எல்லாப் பைகளிலும் தேடினேன்.

இரண்டு நாளாகப் பட்டினி கிடந்த பிள்ளை
ஏத்தங்காய் சிப்ஸைப் பல்லால் பிரித்து
பாதியை என் மடியில் கொட்டினாள்.
ராஜ்பீரின் நம்பர் என் போனில் இருக்கிறது.
அவனும் கோச்தான். பொங்கலுக்குப் படம் அனுப்புவான்,
நான் கும்பிடு அனுப்புவேன்.

குளச்சல் வந்தது.
ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்,
அப்படியே நின்றுவிட்டேன் போல.
"ஒண்ணு எறங்கணும், இல்ல ஏறணும் அண்ணாச்சி"
என்றார் கண்டக்டர்.